இருபத்தொன்பது

ஓர் இரவுக்கு முப்பது.
இருபத்தொன்பது என்றால் அன்றைய கூலி இல்லை.
மறுநாள் முப்பத்தொன்று அடித்துச் சரிக்கட்டலாம்
என்று வாய்வழிச் சலுகை உண்டு,
எழுத்தில் கிடையாது.

கையில் டார்ச், மூங்கில் கழி, ஒரு சாக்கு.
பாபன் வெளிச்சம் அடிப்பான், நான் எலியை.
கண்ணில் ஒளி விழுந்ததும்
எலி ஒரு கணம் நிற்கும்.
அந்தக் கணத்துக்குள்தான்
எங்கள் அறை வாடகை, சீட்டுப் பணம்,
சின்னவளின் கணக்கு டியூஷன்.

விடிந்ததும் வார்டு ஆபீஸ் பின்பக்கம்
வரிசையாகக் கிடத்துவோம்.
மூக்கில் கைக்குட்டை கட்டிய கிளார்க்
பேனா நுனியால் வால்களை எண்ணுவார்.
வால் அறுந்தது கணக்கில் சேராது.
"தலை இருக்கே சார்" என்று
ஒருமுறை சண்டையே போட்டிருக்கிறேன்.

ஆடி இரண்டாம் வெள்ளி.
மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றப் பந்தல் போட்டிருந்தோம்.
மித்தி ஆறு பந்தலுக்குள் வந்துவிட்டது.
அன்றும் முப்பதுதான். மழைக்குத் தள்ளுபடி இல்லை.
கம்பூட் கேட்டுக் கையெழுத்திட்ட காகிதம்
எந்த மேஜையில் நனைந்துகொண்டிருந்ததோ,
நான் செருப்பையும் சயான் பாலத்தடியில் விட்டுவிட்டு
முழங்கால் தண்ணீரில் வளை தேடினேன்.

குதிகாலில் பித்தவெடிப்பு.
அம்மாவுக்கும் இருந்தது, குடும்பச் சொத்து.
அதன் வழியாக ஏதாவது நுழையும் என்று
யார் நினைத்தார்கள்?
மாத்திரை கொடுத்தார்கள், பொய் சொல்லக் கூடாது.
வெறும் வயிற்றில் எரிந்தது என்று
சட்டைப் பையில் போட்டு வைத்தேன்.
மழை அதைக் கரைத்துக் குடித்தது.

பத்தாம் நாள் கெண்டைச் சதையைப் பிய்த்தெடுக்கிற வலி.
கண் சிவந்தது. குடித்திருக்கிறேன் என்றாள் செண்பகம்.
மறுநாள் அதே கண் மஞ்சளாக,
தண்டவாள ஓரத்தில் கீழாநெல்லி தேடிப் போனாள்.
காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்களே,
பொய்.
எனக்கு எல்லாம் அதனதன் நிறத்தில்தான் தெரிந்தது.
மற்றவர்களுக்குத்தான் நான் மஞ்சள்.

"தண்ணியில நடந்தீங்களா?"
இந்தியில் கேட்டார் டாக்டர் நீலோஃபர்.
அவரது சல்வாரும் முழங்கால்வரை நனைந்திருந்தது.
எலியின் சிறுநீரகத்தில் இருக்குமாம்.
அது பெய்யும், வெள்ளம் சுமக்கும்,
வெடிப்போ கீறலோ கதவு திறக்கும்.

"அதுக்குக் காய்ச்சல் வராதா?"
"பெரும்பாலும் வராது. சும்மா சுமந்துக்கிட்டு ஓடும்."

பதினான்கு வருஷம்
நான் அடித்ததெல்லாம் தலையில்.
நாள்தோறும் விடியலில்
சாக்கு என் முதுகில் சொட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

பக்கத்துக் கட்டிலில் நின்றுபோன காரைத் தள்ளிய
காட்கோபர் கல்லூரிப் பையன்.
எதிரில் பீட்சா கொண்டுபோனவன்.
எல்லோர் கட்டிலிலும் ஒரு பை தொங்குகிறது,
எல்லாப் பையிலும் கட்டஞ்சாயா.
என்னிடமிருந்து பிள்ளைகளுக்கு ஒட்டுமா என்றேன்.
"அநேகமா ஒட்டாது. மனுஷனோட நின்னுடும்."
மனுஷனோடு நிற்கிற ஒன்றை
இந்த ஊரில் முதல்முறையாகக் கேள்விப்படுகிறேன்.

இரவு இரண்டரை. வழக்கமாக நான் பதினெட்டில் இருக்கும் நேரம்.
பிஸ்கட் காகிதம் சலசலத்தது.
ஆக்ஸிஜன் சிலிண்டர் பக்கம் ஒன்று,
நல்ல கொழுத்தது, வால் முழுசாக.
நர்ஸின் டார்ச் தற்செயலாக அதன் கண்ணில் பட,
நின்றது.
ஊசி குத்திய கை தானாகக் கழியைத் தேடியது.
போர்வைதான் கிடைத்தது.
கணம் முடிந்து போய்விட்டது.

காலையில் பாபன் வந்தான், இரண்டு மோசம்பியோடு.
என் இடத்தில் லாத்தூர்க்காரப் பையன் ஒருவனாம்,
முதல் ராத்திரியே முப்பத்துநாலாம்.
சும்மா பேச்சுக்குக் கட்டிலடியில் குனிந்து பார்த்து,
"இங்கே இருக்கா?" என்றான்.

இல்லை என்றேன்.